மூன்று எண்ணி இடப்பக்கம்

நான் செய்தது ஒரே ஒரு தப்பு. இடப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில் வலப்பக்கம் திரும்பிவிட்டேன். சைக்கிளில் போகிறவன் அப்படித் திரும்பினால் பின்னால் வருகிறவன் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போவான். நான் திரும்பியது விமானத்தில். எனக்கு வலப்பக்கம் இன்னும் இரண்டு விமானங்கள் பறந்துகொண்டிருந்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. விமானப்படையில் விமானிப் பயிற்சியில் இருந்தேன். வீடு திருவண்ணாமலையில். அப்பாவுக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்றுதான் பெயர். வேர்க்கடலை என்று யாராவது கேட்டால் வெளியூர் ஆள் என்று தெரிந்துகொள்வோம். பேப்பரில் வந்த ஆள் எடுப்பு விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்துவந்து, "எழுதிப் போடுடா, இன்னா பண்ணிடப் போறாங்க" என்றது அப்பாதான். போட்டேன். பரீட்சை, நேர்முகம், மருத்துவப் பரிசோதனை என்று எல்லாவற்றிலும் தேறினேன். அவருடைய ஆசைக்காகத்தான் போனேன். ஆனால் முதல் முறை தரையை விட்டு எழும்பியதும் அது என் ஆசையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்றால் எனக்கு எரிச்சல் வரும். அப்படி ஒரு பைத்தியம்.

நடுவில் ஒரு லீவில் வந்திருந்தபோது, எப்படி இறங்குவீர்கள் என்று அப்பா கேட்டார். மண்டியில் மூட்டை மேல் துண்டை விரித்து நான்கு மல்லாட்டையைச் சாய்வாக வரிசை வைத்துக் காட்டினேன். பயணிகள் விமானம் தூரத்திலிருந்தே நேராக வந்து இறங்கிவிடும். நாங்கள் நான்கு பேரும் ஒட்டினாற்போல் ஓடுபாதைக்கு நேர் மேலே வருவோம். முன்னால் போகிற தலைமை விமானம் சட்டென்று இடப்பக்கம் சாய்ந்து பிரியும். மூன்று எண்ணி இரண்டாவது பிரியும். இன்னும் மூன்று எண்ணி மூன்றாவது. ஆளுக்கொரு வட்டம் அடித்து ஒருவர் பின் ஒருவராக இறங்குவோம். விமானி உட்காருவது இடப்பக்க இருக்கை, அந்தப் பக்கம் திரும்பினால்தான் ஓடுபாதை கண்ணில் படும். பணக்காரர்கள் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிற கிளப் விமானங்களும் பெரும்பாலும் இடப்பக்கம்தான் சுற்றும்.

அப்பாவின் முகம் மாறியது.

"இடமாவா சுத்துறீங்க?"

"ஆமாம்பா. ரூல்ஸ் அப்படி."

"சாவுலதான்டா இடமா சுத்துவாங்க."

பௌர்ணமி தவறாமல் மலையை வலம் வருகிறவர் அவர். மழை, காய்ச்சல் எதுவும் கணக்கில்லை. வீட்டில் துளசி மாடத்தைக்கூட இடப்பக்கமாகக் கடக்க மாட்டார். அவரிடம் போய் இதைச் சொன்னது என் புத்தி. கொஞ்ச நேரம் அந்த நான்கு மல்லாட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, ஒண்ணு பண்ணு. திரும்புறதுக்கு முன்னாடி மலைய நெனச்சி மனசுல ஒரு சுத்து வலமா சுத்திக்கோ. அப்புறம் அவங்க சொல்ற பக்கம் திரும்பிக்கோ. செய்வியா?"

சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். சிரித்தது நிஜம்தான், ஆனால் செய்தேன். பயிற்சித் தளத்துக்குத் திரும்பிய நாளிலிருந்து ஒவ்வொரு முறையும் செய்தேன். ஓடுபாதை கீழே வந்ததும் மனசுக்குள் வலப்பக்கமாக ஒரு சுற்று, பிறகு கையால் இடப்பக்கம் ஒரு திருப்பு. தனியாகப் பறக்கும்போது அதற்கு நேரம் இருந்தது. அதுவே பழக்கமாகிவிட்டது. செய்யாமல் திரும்பினால் ஏதோ குறைகிற மாதிரி இருக்கும்.

அணியாகப் பறக்கும்போது அந்த நேரம் இல்லை. அன்று நான் இரண்டாவது விமானம். பக்கத்தில் ஆசிரியர் இல்லாமல் தனியாக ஓட்டினேன். மூன்றாவதும் நான்காவதும் என் வலப்பக்கம் கொஞ்சம் பின்தள்ளி வந்தன. தலைமை விமானம் பிரிந்தது. ஒன்று என்றேன். மலையை நினைத்தேன். இரண்டு. மனசு வலப்பக்கம் சுற்ற ஆரம்பித்தது. மூன்று என்றதும் கை மனசோடு போய்விட்டது.

மூன்றாவது விமானத்தில் மாணவனோடு ஒரு ஆசிரியரும் இருந்தார். அவர் தன் விமானத்தைக் கீழே அழுத்தியதால் நான்கு உயிர் பிழைத்தது. ரேடியோவில் அவர் கத்திய சொல்லை இங்கே எழுத முடியாது. அவருடைய விமானத்தின் வால் என் ஜன்னல் கண்ணாடிக்குக் கீழே போனதைப் பார்த்தேன். அதிலிருந்த எண்ணைப் படிக்க முடிந்தது, அவ்வளவு கிட்டத்தில்.

விசாரணையில் மூன்று அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஏன் வலப்பக்கம் திரும்பினாய் என்று கேட்டார்கள். எங்கப்பா மனசில் ஒரு சுற்று சுற்றச் சொன்னார் என்று எந்த மொழியில் சொல்வது? திசை குழம்பிவிட்டது என்றேன். அவர்களில் மூத்தவர், "உனக்கு வலது கை எது, இடது கை எது? தூக்கிக் காட்டு" என்றார். இரண்டையும் தூக்கிக் காட்டினேன். ஒரு வாரத்தில் பெட்டியோடு வெளியே அனுப்பினார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நானாக இருந்தாலும் அனுப்பியிருப்பேன்.

பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொல்வதென்று பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். நீங்கள் சொன்னதைச் செய்துதான் நாசமாய்ப் போனேன் என்று பெற்றவரிடம் சொல்ல முடியுமா? அந்த மனுஷன் அதற்குப் பிறகு சாப்பிடுவாரா?

"கண்ணுல கோளாறுனு சொல்லிட்டாங்கப்பா" என்றேன்.

அந்தப் பொய் வாயில் எப்படி வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அதோடு முடியும் என்று நினைத்தேன். முடிந்தால்தானே! அம்மா மறுநாளே பொன்னாங்கண்ணிக் கீரையை ஆரம்பித்தாள். கூட்டு, பொரியல், கடையல் என்று கண்ணுக்காக இரண்டு வருடம். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல். அப்பா பௌர்ணமிக்கு ஒரு முறை நடந்த மலையை அமாவாசைக்கும் சேர்த்து நடக்கத் தொடங்கினார். வெறுங்காலோடு எட்டரை மைலுக்கு மேல் நடந்து, காலெல்லாம் கொப்புளமாக வந்து உட்கார்ந்து, "இப்ப எப்படிடா தெரியுது? முன்னைக்கு ஜாஸ்தியா, கம்மியா?" என்று சுவரிலிருக்கும் காலண்டரைக் காட்டுவார். நான் கண்ணை இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் பரவாயில்லை என்பேன். தூ, என்ன பிழைப்பு அது!

இதற்குள் செங்கம் ரோட்டில், ஆசிரமங்கள் இருக்கிற பக்கம், ஒரு லாட்ஜில் மேனேஜராகச் சேர்ந்திருந்தேன். சாவி எடுத்துக் கொடுப்பது, வெந்நீர் வரவில்லை என்று சண்டைக்கு வருகிறவர்களைச் சமாளிப்பது. கண் டாக்டரிடம் போகலாம் என்று அப்பா கூப்பிடும்போதெல்லாம் லாட்ஜில் ஆள் இல்லை என்று தட்டிக் கழித்தேன். ஒரு நாள் மண்டிக்குச் சாக்கு வாங்க வேண்டும் என்று சொல்லி வேலூருக்குக் கூட்டிப்போனார். பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக ஒரு கண் டாக்டர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். முன்னாடியே வந்து டோக்கன் போட்டுவைத்திருக்கிறார்!

டாக்டர் என்னை உட்காரவைத்து விளக்கடித்துப் பார்க்கும்போதே அப்பா எழுந்து நின்று கையைக் கூப்பினார்.

"சார், என் கண்ணு ஒண்ண எடுத்து இவனுக்கு வெக்க முடியுமாங்க? ஒண்ணு போதுங்க எனக்கு. மூட்டை எண்ணுறதுக்கு எதுக்குங்க ரெண்டு?"

டாக்டர் என் பக்கம் திரும்பினார். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். நான் வேண்டுமென்றே தப்பாகப் படித்திருக்கலாம். ஆனால் அப்பா கூப்பிய கையை இறக்காமல் நின்றார். கடைசி வரிவரைக்கும் படித்தேன்.

"பையனுக்கு ஒரு குறையும் இல்லீங்க, பெரியவரே. இந்தக் கண்ணை வெச்சிக்கிட்டு பிளேனே ஓட்டலாம். நீங்க உக்காருங்க, உங்களுக்குத்தான் புரை உழுந்திருக்கு போல இருக்கு."

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். போளூர் வந்தது. பஸ் காலியாகி, திரும்ப நிரம்பியது. கிளம்பிய பிறகு கேட்டார்.

"இன்னாடா நடந்துச்சி அங்க? நெசத்த சொல்லு."

அப்போதும் சொல்லியிருக்கலாம். மூன்று எண்ணுவதற்குள் மனசில் வலம் வந்தேன்பா என்று ஒரு வாக்கியம்தான். அவருடைய கால் செருப்புக்குள் வெடித்திருந்தது தெரிந்தது. நான் கண்ணை இடுக்கிய ஒவ்வொரு நாளுக்கும் அந்தக் கால் நடந்த நடை. இதற்கு மேல் அவர் சொன்னதால்தான் எல்லாம் போயிற்று என்று வேறு சொல்வதா? பழி என் மேலேயே இருக்கட்டும் என்று நினைத்தேன்.

"பயந்துட்டேன்பா. மேல போனாலே பயம். அதான் அனுப்பிட்டாங்க. வெக்கமா இருந்துச்சி, கண்ணுனு சொல்லிட்டேன்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் என் முழங்கால் மேல் கையை வைத்தார்.

"பயந்த புள்ளய நான்தான்டா புடிச்சித் தள்ளிட்டேன். நீ ஒரு நாளும் கேக்கல. பேப்பர வெட்டிக்கினு வந்தது நான்தானே."

பஸ்ஸில் அத்தனை பேர் முன்னால் அழுதார். இல்லப்பா, இல்லப்பா என்றேன். எதை இல்லை என்று சொல்வது? ஒரு பழியிலிருந்து அவரைத் தூக்கி இன்னொன்றில் போட்டிருந்தேன். ஏற்கனவே இரண்டு காரணம் கேட்டவரிடம் மூன்றாவதாக உண்மை என்று ஒன்றைச் சொன்னால் நம்புவாரா?

அதற்குப் பிறகு வீட்டில் பறக்கிற பேச்சே கிடையாது. சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், "அவனுக்கு இஷ்டமே இல்ல, என் பேராசைக்கு ஏத்தி உட்டேன்" என்று அவரே முந்திக்கொள்வார். பொன்னாங்கண்ணி நின்றது. அப்பாவுக்குப் புரை எடுத்து, கண் நன்றாகத் தெரிய ஆரம்பித்தது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடம் இருக்கும். ஒரு காலை மண்டி வாசலில் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். வடக்கே சத்தம் கேட்டது. காதிலேயே தெரிந்தது, ஒன்றில்லை, நான்கு. இறக்கைக்கு இறக்கை ஒட்டி வருகிற சத்தம் எனக்குத் தெரியும். தெருவில் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. இரண்டாவது எப்படி நிற்கிறது, இடைவெளி சரியாக இருக்கிறதா என்று ஒரே ஒரு தடவை பார்த்தால் போதும்.

அப்பா டீ கிளாஸை வைத்துவிட்டு என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது, எனக்காக.

"ஒண்ணும் இல்லடா. போயிடும், போயிடும். கீழ பாத்துக்கோ."

"சரிப்பா" என்றேன். சத்தம் முழுக்க அடங்கும்வரை கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.