விரட்டுகிற கோட்டு

ஆள்காட்டி விரலைத் தம்ளரில் நனைத்து, புது மழைக்கோட்டின் தோளில் ஒரு சொட்டு விடுகிறார். சொட்டு உருண்டு ஓடுகிறது. "பாத்தீங்களா, விரட்டிருச்சு." பிறகு அதே இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத் தம்ளரையே கவிழ்த்து, துணிக்கு அடியில் உள்ளங்கையை வைத்தபடி காத்திருக்கிறார். "இப்பக் கையத் தொட்டுப் பாருங்க." கை ஈரம்.

கோட்டுக் கடையில் இருபது வருடமாக விற்பவர். தெருவுக்கெல்லாம் அவர் சொட்டு அண்ணன். அதே கடை மூலையில் பட்டன் தைக்கிறவள் நான்.

கோட்டின் கழுத்துச் சீட்டில் 'வாட்டர் ரிப்பெல்லன்ட்' என்று போட்டிருக்கும். தண்ணீர் புகவே புகாது என்று நினைத்து, வாய் நிறையச் சொல்லி விற்றுக்கொண்டிருந்தார் அண்ணன். அதை வாங்கிப்போன தபால்காரர் ஒருவர் நாள் முழுக்க அடைமழையில் அலைந்து, நெஞ்சுச்சளியோடு பத்து நாள் படுத்துவிட்டார். தேறி வந்தவர் சண்டைக்கு நிற்கவில்லை. "உங்களை நம்பித்தாண்ணே போட்டுட்டுப் போனேன்" என்றார். அவ்வளவுதான். அண்ணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மகளிடம் 'ரிப்பெல்' என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டிருக்கிறார். விரட்டுவது என்றாளாம். படையெடுத்து வந்தவனை அடித்துத் துரத்துவதற்கும் அந்தச் சொல்தானாம். காந்தம் காந்தத்தைத் தள்ளுவதற்கும், கொசு அண்டாமல் பூசும் களிம்புக்கும், அருவருத்து ஒதுங்குவதற்கும்கூட அதுதானாம். அப்படியானால் இவர் காலுறையும் அந்த ரகம்தான் என்று அடுப்படியிலிருந்து மனைவி சொன்னதை, அண்ணனே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அப்புறம் என்னிடம் குரலைத் தாழ்த்துவார். "துரத்துறவன் எவ்வளவு நேரந்தான் துரத்துவான் தங்கச்சி? கை ஓஞ்சா உள்ள வந்துரும்ல?"

அன்றிலிருந்துதான் இந்தத் தம்ளர். முதலாளி நல்ல மனிதர். ஆனாலும் வாங்க வந்தவர்கள் யோசித்துக்கொண்டே படியிறங்கினால் யாருக்குத்தான் பொறுக்கும்? போன திங்கட்கிழமை தம்ளரைப் பிடுங்கித் தன் மேசை இழுப்பறையில் வைத்தார். இனி ஒருவர் வெறுங்கையோடு திரும்பினால், பின்கட்டில் பெட்டி அடுக்கத்தான் போகவேண்டும் என்றும் சொல்லிவிட்டார். மனிதரோடு பேசாமல் அண்ணனால் அரை நாள் இருக்க முடியாது.

நேற்று காலை நல்ல மழை. ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோகிற பெண் ஒருத்தி வந்து அந்தக் கோட்டைக் கையில் எடுத்தாள். "நாள் பூரா வண்டியிலதாண்ணே. இது தாங்கும்ல?" முதலாளி நிமிர்ந்து பார்த்தார். நான் ஊசியை நிறுத்திக் கடவுளைக் கூப்பிட்டேன்.

"தாங்காதும்மா. தூறலை விரட்டும், அவ்வளவுதான். உனக்கு ரப்பர் கோட்டுதான் சரி. நம்மகிட்ட இல்ல, மூணாவது கடையில கேளு."

அவள் வாசல்வரை போனாள். அங்கேயே நின்றாள். திரும்பி வந்தாள். "எங்கம்மா மருந்துக்கடை வரைக்கும்தான் போவாங்க. அதுக்கு இது போதுமாண்ணே?"

"தாராளமா."

"நீங்க சொன்னாப் போதும், கட்டுங்க."

அவள் கோட்டோடு படியிறங்கினாள். குடையை உதறிக்கொண்டு அடுத்த ஆள் உள்ளே வந்தார். முதலாளி இழுப்பறையைத் திறந்து தம்ளரை எடுத்து, துடைத்து, தண்ணீர் பிடித்துக்கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தார்.

அண்ணன் விரலை நனைத்தார்.