பட்டைக்குள் பாதிப் பாக்கு

மீன் ஆய்கிற அக்கா வலிக்கிற கையை என்னிடம் நீட்டியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை. திருவாரூரில் நான் பிசியோதெரபி பார்க்கிறேன். முழங்கை வலிக்குக் கடையில் விற்கிற துணிப்பட்டை, நாளெல்லாம் தண்ணீரில் கிடக்கிற கைக்கு உதவாது, ஊறி நாறிவிடும். நான் சைக்கிள் டியூபில் ஒன்று செய்து, கட்டிப் பார்க்கக் கை தேடிக்கொண்டிருந்தேன்.

"இதுக்கு டென்னிஸ் எல்போன்னு பேருக்கா."

"நான் எங்க தம்பி பந்து அடிச்சேன்? வஞ்சிரமும் கெளுத்தியும்தானே வெட்டுறேன்" என்று சிரித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். அரிவாள்மனையில் கை ஓடவில்லை. மாதம் முடிவதற்குள் பழைய வேகம் வராவிட்டால், மார்க்கெட் வாசலோரத்தில் அவர் உட்காரும் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம் குத்தகைக்காரர்.

முழங்கைக்குக் கீழே பட்டையைக் கட்டினேன். உள்ளே கெட்டியாக ஏதோ அழுத்தவும், "என்ன தம்பி வச்சுத் தச்சிருக்கீங்க?" என்றார். நான் காப்புரிமை வாங்கும் கனவில் இருந்தேன். யாராவது காப்பியடித்துவிட்டால்? "அதெல்லாம் கேக்காதீங்க. பிரிச்சும் பாத்துடாதீங்க" என்றேன், பெரிய இவன் மாதிரி.

வாராவாரம் வந்தார். வலி இம்மியும் குறையவில்லை. அகலம் கூட்டினேன், இறுக்கினேன், டியூபையே மாற்றினேன். பட்டை மட்டும் புதுசாகவே இருந்தது; மீன் வாடைகூட இல்லை. நம்ம சரக்கு அவ்வளவு உறுதி என்று பூரித்துப்போனேன். மடையன்.

மாதக் கடைசியில் மீன் வாங்கப் போனேன். அக்கா வெட்டிக்கொண்டிருந்தார், வெறுங்கையோடு.

"பட்டை எங்கக்கா?"

"வீட்டுல மாரியாத்தா படத்துல மாட்டியிருக்கேன். பிரிச்சே பாக்கக் கூடாதுன்னீங்களே, மந்திரிச்சதாச்சே, கவுச்சி படலாமா? சாயங்காலம் தலைக்கு ஊத்திட்டுத்தான் கட்டிக்கிறேன்."

அன்று மாலை அவர் பட்டையோடு வந்ததும் தையலைப் பிரித்துக் காட்டினேன். உள்ளே இருந்தது ஒரு கொட்டைப்பாக்கில் பாதி, தசையை அழுத்துவதற்கு. உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுதானா தம்பி?"

மறுநாளிலிருந்து வேலையிலும் கட்டினார். மூன்று வாரத்தில் கை தேறிவிட்டது. வாசலோர இடம் அதற்குள் போய்விட்டிருந்தது. இப்போது பின்பக்கம், கழிவு கொட்டுகிற மூலையில் உட்கார்ந்திருக்கிறார். கை பறக்கிறது, வெட்டக் கொடுக்கத்தான் ஆள் வருவதில்லை. எப்போதாவது வருகிறவர்கள் கேட்பதற்கு முன்பே பட்டையைத் தட்டி, "உள்ள பாதிப் பாக்குதான்" என்று சொல்லிவிடுகிறார். நான் நிற்கும்போது கொஞ்சம் சத்தமாகவே சொல்கிறார்.