டர்போ காரும் வெள்ளிக்கிழமைப் பூவும்

கோயம்புத்தூரில் அந்தக் காரைப் பார்த்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஏதாவது தோன்றும் என்று நினைத்துத்தான் அறந்தாங்கியிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். ஜெர்மன் வண்டி, கறுப்பு, இரண்டே கதவு, தரையோடு தரையாகக் கிடந்தது. பல கை மாறிய பழைய வண்டி. விற்பவர் பானெட்டைத் திறந்து டர்போவைக் காட்டினார். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகையின் வேகத்திலேயே சுழன்று, எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றை ஊதும் சின்னக் காற்றாடி அது. "மிதிச்சீங்கன்னா முதுகு சீட்டோட ஒட்டிக்கும் சார்" என்றார். ஒட்டிக்கொள்ளட்டும் என்று வாங்கினேன்.

குவைத்தில் ஒரு கிடங்கில் சாமான் ஏற்றி இறக்குவதைப் பார்த்துக்கொண்டே என் வாலிபம் போய்விட்டது. முதலாளியின் மகன் இதே மாதிரி ஒரு காரைக் கிடங்கு வாசலில் நிறுத்துவான். ஊருக்குப் போனால் இதைத்தான் வாங்குவேன் என்று கூட இருந்தவர்களிடம் சொல்லிச் சொல்லி, அது ஆசையா அல்லது வாய்ப் பழக்கமா என்று எனக்கே தெரியாமல் போனது. கம்பெனியில் ஆள் குறைத்தார்கள். ஒரேயடியாக ஊருக்கு வந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். காப்பாற்றியதைப் பார்க்க அவர்களில் ஒருவரும் இங்கே இல்லை.

கார் வந்த அன்று மனைவியின் தம்பி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். "ஏன் மச்சான், பின்னாடி கதவக் காணமே, அதுக்குத் தனியா காசு கேட்டானா?" என்றார். தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன், சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால். மனைவி மட்டும் சிரிக்கவில்லை. "மக வந்தா எங்கிட்டு உக்காரும்?" என்று கேட்டாள். மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள், பொங்கலுக்கு வந்தால் உண்டு. மனைவி உள்ளே போய் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் எடுத்து வந்தாள்.

எத்தனையோ வருஷமாக நான் லீவில் வந்து போகிறவன். வந்தால் தினமும் கறியோ நண்டோ இருக்கும். எனக்கென்று தனித் துண்டு, தனித் தட்டு. சட்டைகள் பெட்டியிலேயே இருக்கும், எப்படியும் திரும்ப அடுக்கத்தானே வேண்டும். நிரந்தரமாக வந்து ஒரு வருஷம் கழிந்த பிறகும் கறி வந்துகொண்டிருந்தது, சட்டைகள் பெட்டியில்தான் கிடந்தன. "எப்ப கிளம்புறீங்க?" என்று தெருவில் கேட்டார்கள். அவர்களை விடுங்கள். என் மனைவியே ஒரு நாள், "நீங்க போனதுக்கப்புறம் இந்த பீரோவ அங்கிட்டு நகத்திப் போடணும்" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்தது போல, நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், குறைந்தது வருத்தமாவது. ஒன்றும் வரவில்லை. வெகுநேரம் மடக்கி உட்கார்ந்த கால் போல மனசு மரத்துக் கிடந்தது. இந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைக் கேட்க வாய் வரவில்லை. அதனால் காரைப் பார்த்துக்கொண்டேன்.

பார்த்துக்கொள்ள நிறைய இருந்தது. சூட்டில் ரப்பர் குழாய்கள் வெடிக்கும். ஒன்றை மாற்றினால் அடுத்தது வெடிக்கும். எந்தச் சாமானும் இங்கே கிடைக்காது, ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். எலி வயரைக் கடித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அடி வயிறு உரசியது, நான் பல்லைக் கடித்தேன். டர்போ வேலை செய்யும் வேகத்துக்குப் போக எங்கள் பக்கத்தில் ரோடு ஏது? மிதிக்கலாம் என்று காலைத் தூக்கும்போது ஆடு வரும், ஆடு போனால் டவுன் பஸ் வரும். ஓடி வந்து நின்றதும் எஞ்சினை அணைக்கக் கூடாது, டர்போ சூடு தணியக் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட வேண்டும். "வீட்டுக்கு வந்தும் எறங்காம என்ன யோசனை?" என்று மனைவி வாசலில் நின்று கேட்பாள். "வண்டிக்காக" என்பேன். உண்மையில் எனக்கு அந்த நேரம் பிடித்திருந்தது. எதுவும் செய்ய வேண்டாம், யாரும் எதுவும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

அவள் அந்தக் காரைத் தொட்டது வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான். குளித்துவிட்டு வந்து, முன்பக்கத்து வலைக் கம்பியில் ஒரு முழம் கதம்பம் கட்டுவாள், பொட்டு வைப்பாள். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், நானும் கவனிக்கவில்லை. அந்த வலை வழியாகத்தான் எஞ்சினுக்கும் டர்போவுக்கும் குளிர்ந்த காற்று போக வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எஞ்சின் எண்ணெய் பற்றி இரண்டு மணி நேரம் வீடியோ பார்ப்பவன் நான். ஆனால் பூ பூவாகத்தான் கண்ணில் பட்டது.

புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். வழக்கமாக அவள் பஸ்ஸில் போய்விடுவாள். அன்று பஸ் தப்பிவிட்டதால் பட்டுச்சேலையோடு குனிந்து, ஒரு கையால் கூரையைப் பிடித்து, கிணற்றுக்குள் இறங்குவது போல அந்த சீட்டில் இறங்கினாள். பாதி வழியில் கார் இழுக்க மறுத்தது. சூட்டைக் காட்டும் முள் மேலே ஏறியது. ஒரு கண்மாய்க் கரையில், வேப்பமர நிழலில் ஓரங்கட்டினேன். புதுக்கோட்டை மெக்கானிக்குக்கு போன் போட்டேன். அவர் பைக்கில் வந்து சேரும்வரை நாங்கள் இருவரும் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தண்ணீர் இல்லை, பார்க்கவும் ஒன்றும் இல்லை.

மெக்கானிக் வலைக்குள் விரலை விட்டார். காய்ந்த கதம்பம் ஒன்று வந்தது. இன்னொன்று வந்தது. பிறகு ஒரு கம்பியைக் கொக்கியாக வளைத்து உள்ளே விட்டு இழுக்க இழுக்க, நாரும் சருகுமாக ஒரு கூடை நிறைய வந்தது. "காத்து போற வழியவே அடைச்சு வச்சிருக்கீங்களேண்ணே" என்றார்.

மனைவியின் முகம் சுண்டிப் போனது. "சாமி பூவ கால்ல மிதிபடுற மாதிரி எப்புடிப் போடுறது? புதுசு கட்டுறப்ப பழச உள்ள தள்ளி விட்டுருவேன்" என்றாள். மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார். "நீங்க எப்ப கிளம்பிப் போனாலும் பத்திரமா வரணும்னுதான் கட்டுனேன்."

"பரவால்ல, விடு" என்றேன்.

"திட்டுங்களேன்."

நான் அவளைப் பார்த்தேன்.

"இம்புட்டு பெரிய வண்டிய கெடுத்துட்டேன். ஒரு வார்த்தை திட்டுங்க. அங்கேருந்து போன்ல எப்புடித் திட்டுவீங்க? கேஸ மூடுனியா, மாத்திரை போட்டியா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்குன்னு தெனமும் ராத்திரி கேப்பீங்க. அம்புட்டுத் தொலவுல இருந்து என் குரல் தெரிஞ்சுச்சு. இங்க வந்ததுலேருந்து ஒண்ணுமே கேக்குறதில்ல. அங்க இருந்தப்பவாச்சும் எனக்குன்னு ஒரு ஆளு இருந்துச்சு."

பட்டுச்சேலை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கமாக வந்த பஸ்ஸுக்குக் கை காட்டினாள். பஸ் நின்றது. ஏறிப் போய்விட்டாள். நான் கல்யாணத்துக்குப் போகவில்லை, வண்டி ஆறியதும் மெல்ல ஓட்டி வீட்டுக்குத் திரும்பினேன். சாயங்காலம் அவள் வந்தபோது தாம்பூலப் பையை மேஜையில் வைத்தாள், இருவரும் சாப்பிட்டோம், படுத்தோம்.

மறுநாள் காலை வீட்டோடு ஒட்டிய கார் ஷெட்டில் உட்கார்ந்து, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு இடையில் ஒட்டியிருந்த சருகுகளைப் பழைய பல் பிரஷ்ஷால் எடுத்துக்கொண்டிருந்தேன். மரிக்கொழுந்து இன்னும் லேசாக மணந்தது. ஏனென்று தெரியாமலே பிரஷ்ஷைக் கீழே வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு போன் போட்டேன். சமையலறையில் அது அடிப்பது எனக்குக் கேட்டது.

எடுத்தாள். "சொல்லுங்க" என்றாள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவில்லை.

"சாப்ட்டியா?"

"இன்னும் இல்ல. நீங்க?"

"இல்ல. கேஸ பாத்துக்கிட்டியா?"

"ம்."

பிறகு அவள், "அங்கிட்டு வெயில் எப்புடி?" என்று கேட்டாள். குவைத்துக்குப் பேசும்போதெல்லாம் அவள் கேட்பது. இவ்வளவு நாளும் வராத அழுகை, இந்த ஒரு கேள்விக்கு வந்தது.

"கொளுத்துது" என்றேன். பிறகு, நேரில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னேன். "எனக்கு இங்க என்ன பண்றதுன்னே தெரியல."

குக்கர் விசில் அடித்தது. போனிலும் கேட்டது, நேரிலும் கேட்டது.

"எனக்கும் ஒங்கள வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியலங்க" என்றாள். அவள் குரலும் கம்மியிருந்தது. "வச்சிராதீங்க. பேசுங்க."