தாத்தா உடுப்புக்கு ஆள் இல்லை

தங்கையின் கடைக்கு பேனர் அடிக்க இன்று ஆரப்பாளையத்தில் ஒரு பிளெக்ஸ் கடைக்குப் போனேன்.

கடைக்கார அண்ணனின் நாற்காலியில் கிறிஸ்துமஸ் தாத்தாவின் சிவப்பு உடுப்பும் முகமூடியும் தொங்கின.

"யாருக்குண்ணே இது?"

"எனக்குத்தேன். வீடு வீடாப் பாடிக்கிட்டுப் போற கேரல் ரவுண்ட்ஸுல வருசா வருசம் நாந்தேன் தாத்தா. முட்டி வலிக்குது, இந்தத் தடவை வேற யாராச்சும் போடுங்கப்பான்னா அம்புட்டுப் பேரும் நழுவுறாங்க. தாத்தா வர லேட்டானா மட்டும் சண்டைக்கு வாராங்க. முகமூடிக்குள்ள ஒரு ஆள் இருக்கான்னே எவனுக்கும் நெனப்பு இல்ல."

பாவமாக இருந்தது.

பேனர் வாசகத்தை அடிக்க உட்கார்ந்தார். திரையில் எழுத்துகளுக்குப் பதிலாக வெறும் கட்டம் கட்டமாக வந்தன.

"இந்தா பாருங்க. இந்தத் தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் புது கம்ப்யூட்டர்ல ஓட மாட்டேங்குது. ஓசியில குடுத்தாலும் ஒழுங்காக் குடுக்க வேணாமா? எவன் செஞ்சானோ, பொறுப்பே இல்ல."

செய்தவன் நான்தான்.

யாரும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் திருத்தலாம் என்று நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. 'கம்யூனிட்டி' என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். மற்றவர்கள் வேலை, குடும்பம் என்று ஒதுங்கிவிட்டார்கள். இப்போது கம்யூனிட்டி என்பது நானும், என்னைத் திட்டி வருகிற மெயில்களும்.

அண்ணனிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை. "சரியாயிரும்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக இப்போது உட்கார்ந்து சரிசெய்துகொண்டிருக்கிறேன்.

அந்த சாஃப்ட்வேரின் நிரல் எல்லாருக்கும் திறந்துதான் கிடக்கிறது. கைகொடுக்க யாராவது வருகிறீர்களா? இல்லை, தாத்தா ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்கத்தான் வருவீர்களா?