பெரிய ட்ரே

எங்கள் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், ஆபரேஷன் கருவிகளைக் கழுவி ஆவியில் வேகவைக்கும் அறைக்கு அக்காதான் ராணி. எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லை. ஆனால் திட்டுவதில் கூடப் பிறந்தவளை மிஞ்சிவிடுவாள். ஒரு புள்ளி கறை கண்ணில் பட்டால் போதும், வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் பாய்லர்.

அந்தப் பாய்லர் கொஞ்ச நாளாக அடங்கிக் கிடந்தது. மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். ஸ்கேன் எடுத்தால் கர்ப்பப்பையில் கட்டி. "புற்றுநோய் இல்லம்மா, வயித்துல சின்னச் சின்னதா துளை போட்டு, கேமரா விட்டு எடுத்துடலாம்," என்றார் டாக்டரம்மா. ரத்தம் நிற்காவிட்டால் மட்டும் கர்ப்பப்பையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொன்னார். அக்காவின் காதில் ஏறியது அந்தக் கடைசிப் பேச்சு மட்டும்தான். தாமதமாகக் கல்யாணமாகி, ஒரு குழந்தைக்காக ஏங்கிக் கிடந்தவள் அவள்.

எங்கள் அறைக்கென்று ஒரு பயம் உண்டு. துளை ஆபரேஷனுக்கு மெல்லிய, நீளமான கருவிகள் மேலே போகும். வயிற்றைத் திறக்க நேர்ந்தால் இருக்கட்டும் என்று, துணியில் சுற்றிக் கட்டிய பெரிய ட்ரே ஒன்றும் கூடவே போகும். எல்லாம் நல்லபடியாக முடிந்தால் அது கட்டுப் பிரியாமல் திரும்பி வந்துவிடும். குணமாகி வீட்டுக்கு நடந்து போகிறவர்களை நாங்கள் பார்த்ததே இல்லை. நாங்கள் பார்ப்பதெல்லாம் ரத்தத்தோடு இறங்கி வரும் ட்ரேக்களைத்தான். பெரிய ட்ரே பிரிந்தால் கர்ப்பப்பை போச்சு என்று நாங்களாகவே முடிவு கட்டி வைத்திருந்தோம்.

ஆபரேஷனுக்கு முந்தைய நாளும் அக்கா வேலைக்கு வந்து நின்றாள்.

"உன் ஆபரேஷனுக்கு நீயே பேக் பண்ணுவியா? தள்ளுக்கா."

"வாய மூடு. இதுல நான் ஒருத்தரையும் நம்ப மாட்டேன்."

மெல்லிய கருவிகளையெல்லாம் அவளே அடுக்கினாள். பெரிய ட்ரேயை மட்டும் தொடவில்லை. "அத நீ கட்டு. நல்லா இறுக்கிக் கட்டு," என்றாள். இறுக்கிக் கட்டினால் பிரியாது என்று யார் அவளுக்குச் சொன்னார்களோ. வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். அன்று இன்னொரு முடிச்சும் சேர்த்துப் போட்டேன்.

மறுநாள் அவள் வீட்டுக்காரர் மேலே வராந்தாவில் காத்திருந்தார். நான் கீழே, அழுக்குக் கருவிகள் இறங்கும் லிஃப்டின் முன்னால். அதன் கதவு திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். முதலில் மெல்லிய கருவிகள் வந்தன. கொஞ்சம் மூச்சு விட்டேன். அதன் பின்னாலேயே பெரிய ட்ரே வந்தது, நான் கட்டிய கட்டு பிரிந்து, மேல்துணியெல்லாம் சிவந்து.

"ஐயோ அக்கா" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். அதற்காக வேலையை விட முடியுமா? கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தேன். கத்தியில் ரத்தம், வயிற்றை விரித்துப் பிடிக்கும் கொக்கிகளில் ரத்தம். தையல் ஊசியைப் பிடிக்கும் இடுக்கிகள் கைப்பிடிவரை ஊறியிருந்தன. அடியில், கர்ப்பப்பையை எடுக்கும்போது இரண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கிற கனத்த கிளாம்புகள் கிடந்தன. விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு சொட்டு ரத்தம்கூட இல்லை. எனக்கே நம்பப் பயமாக இருந்தது.

வேலை முடிந்ததும் மேலே ஓடினேன். அக்கா விழித்திருந்தாள். கை வயிற்றின் நீளக் கட்டின் மேல் இருந்தது, முகம் சுவர்ப்பக்கம் திரும்பியிருந்தது.

"சொன்னா நம்ப மாட்டேங்குறா," என்றார் வீட்டுக்காரர், அழாத குறையாக. "கட்டிய எடுத்த இடத்துல ரத்தம் நிக்கல. பையக் காப்பாத்தி உள்ளே தைக்கத்தான் வயித்தத் திறந்தாங்களாம். டாக்டரம்மாவே வந்து சொல்லிட்டாங்க."

"ஆறுதலுக்குச் சொல்றாங்க." அக்காவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. என் பக்கம் மெல்லத் திரும்பினாள். "நீதானே கழுவின? நீ சொல்லு."

"கிளாம்பு அத்தனையும் காஞ்சே வந்துச்சுக்கா. ஒண்ணுலகூட ரத்தம் இல்ல."

என் முகத்தையே பார்த்தாள். பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுகிற பார்வை.

"கிளாம்பு மூட்டெல்லாம் திறந்து, இடுக்குலயும் பாத்தியா?"

"எல்லாத்தையும் திறந்து பாத்தேன்க்கா."

அவள் கண்ணிலிருந்து வழிந்தது காதோரமாகத் தலையணையில் இறங்கியது. என் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவ சொல்லுடி," என்றாள்.