கழுதை தின்ற அணு உலை

கழுதை

அணுக்கழிவைப் பற்றி ஊருக்கு விளங்கப்படுத்தும் வேலையில் முதல் ஆபத்து கதிர்வீச்சு இல்லை, கழுதை. மன்னார் பஸ் நிலையத்துக்கு முன்னால் மேசையைப் போட்டுவிட்டு நான் தேத்தண்ணிக்குத் திரும்பிய நேரம், ஒன்று வந்து எங்கள் அணுமின் நிலையத்தின் கோபுரத்தைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது. மட்டையில் செய்த மாதிரிக் கோபுரம்தான். ஆனால் கண்காட்சிக்குப் பொறுப்பான நிமலன் சேர் இரவிரவாக இருந்து ஒட்டியது. நான் ஒரு பக்கம் பிடித்து இழுத்தேன், கழுதை மற்றப் பக்கம். கழுதைதான் வென்றது.

நான் ஓ.எல். பரீட்சையில் விஞ்ஞானம் கோட்டைவிட்டு வீட்டில் நின்றவன். நாளைய மின்சாரத்தைப் பற்றி ஊர் ஊராகப் போகும் கண்காட்சி வான் வண்டிக்கு ஆள் எடுத்தார்கள். காற்றாலைக்கு ஒரு மேசை, சூரியனுக்கு ஒரு மேசை, அணுவுக்கு ஒரு மேசை. விஞ்ஞானம் சித்தியடைந்தவர்கள் முதல் இரண்டையும் எடுத்துக்கொண்டார்கள். மூன்று மாதம் பார்ப்பார்களாம். பிறகு கொழும்பிலிருந்து ஒரு மேடம் வந்து சரி என்றால் வேலை நிரந்தரம். பிழை என்றால் மாமாவின் வள்ளத்தில் மீன்பிடி. நான் கரை மறைய முதலே தலை சுற்றிச் சத்தியெடுக்கிறவன். இப்படி 'பார்ப்போம்' என்று சொல்லி வைத்திருக்கும் இடத்தில் வேலை செய்த உங்களுக்கு, அந்த மூன்று மாதமும் எப்படிப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோபுரம் முழுதாக உள்ளே போய் முடிந்ததும், பார்த்துக்கொண்டு நின்ற ஓட்டோக்காரர் கிட்ட வந்தார். "தம்பி, உள்ள போனது சரி. நாளைக்கு அது வெளிய வரேக்க எங்க கொண்டுபோய் வைக்கப்போறியள்?"

திறப்பு

அதே கேள்வியைத்தான் பிறகு எல்லா ஊரிலும் கேட்டார்கள், கழுதை இல்லாமல். சேர் எனக்கு ஒரே ஒரு பதிலைப் பாடமாக்கித் தந்திருந்தார்: கழிவு மிகவும் பாதுகாப்பாக வைக்கப்படும். அதற்கு மேல் வாய் திறக்கக் கூடாது. சொல்லிப் பாருங்கள், கேட்கிற ஆளின் முகம் அப்படியே இருக்கும்.

முசலியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிம் நானா, கதிரையை இழுத்து என் மேசைக்கு முன்னால் வடிவாக இருந்துகொண்டார்.

"எவ்வளவு காலத்துக்கு வைப்பீங்க?"

"ஆயிரக்கணக்கான வருசத்துக்கு."

"எங்க?"

"நிலத்துக்குக் கீழ, நல்ல ஆழத்தில. பெட்டியில போட்டுப் பூட்டி."

"அந்தப் பூட்டுட திறப்பு ஆருட்ட?"

நான் சேரைப் பார்த்தேன். சேர் வானத்தைப் பார்த்தார். "பொறுப்பான ஆக்களிட்ட" என்று சொல்லிவைத்தேன்.

நானாவுக்குக் கோபம் வரவில்லை. சண்டைக் காலத்தில் ஊரைவிட்டு அனுப்பப்பட்டு, புத்தளத்தில் கிடந்து திரும்பி வந்த மனிதர். என் கையைப் பிடித்துச் சொன்னார்: "மகன், நாங்களும் வீட்டைப் பூட்டித் திறப்பை மடியில முடிஞ்சுகொண்டுதான் போன நாங்க. இருவது வருசம் கழிச்சு வந்து பாத்தா திறப்பு இரிக்கி, கதவில்ல."

ஐஸ் முதலாளி

எல்லாரும் அணுவுக்கு எதிர் என்று நினைக்காதீர்கள். புகை இல்லை, கரி இல்லை, காற்று விழுந்தாலும் வெயில் போனாலும் மின்சாரம் நிற்காது. இதைச் சொல்லும்போது எனக்கே ஒரு பெருமிதம் வரும், ஏனென்றால் இதில் பொய் இல்லை. கழிவுக் கதை வந்தால்தான் பாடமாக்கியதுக்கு ஓடுவேன்.

பேசாலையில் இந்த நல்ல பகுதியைச் சேர் மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தபோதே கரண்ட் போனது. மைக் செத்தது. எங்கள் மட்டை அணு உலையின் பல்பு மட்டும் பற்றரியில் எரிந்துகொண்டிருந்தது, வெட்கமில்லாமல். சனம் கலைந்து போக, மீனுக்கு ஐஸ் போடுகிற முதலாளி ஒருவர் மட்டும் நின்றார். அவருடைய ஐஸ் அங்கே உருகிக்கொண்டிருந்தது, இவருக்கு இங்கே வேர்த்துக்கொண்டிருந்தது. நான் பாடமாக்கியதைத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினார்.

"அந்தக் கழிவை என்ர வளவுக்குள்ளயே குழி வெட்டித் தாட்டுவிடுங்கோ ராசா. அதோட சேர்த்து என்ர கரண்ட் பில்லையும் தாட்டுவிடுங்கோ."

பலகை

மேடம் வருவதற்கு முதல் நாள் காலை எங்கள் எச்சரிக்கைப் பலகையைக் காணவில்லை. மஞ்சள் தகட்டில் கறுப்பாக மூன்று இறகு போட்ட பலகை. கழிவு தாட்ட இடத்தில் நடுகிற கதிர்வீச்சு அடையாளம். அதைத் தூக்கிக் காட்டித்தான் சேர் தன் பேச்சை முடிப்பார்: "பத்தாயிரம் வருசம் கழிச்சு, எங்கட பாசை தெரியாதவன் வந்தாலும், இதைப் பார்த்தால் விலகிப் போவான்." மேடத்தின் முன்னாலும் அப்படித்தான் முடிக்க இருந்தார். முந்தின நாள் கண்காட்சி வைத்தது திருக்கேதீஸ்வரத்துக்கு அங்காலே ஒரு குடியேற்றத்தில். "பலகையோட வா, இல்லாட்டி வராதை" என்று என்னைத் திருப்பி அனுப்பினார்.

தேடவே தேவையிருக்கவில்லை. மலைநாட்டுப் பக்கமிருந்து வந்து அங்கே கூலி வேலை செய்யும் செல்லம்மாக்காவின் கோழிக்கூட்டுக்கு அதுதான் கதவு. எங்கள் வான் வண்டிக்குப் பின்னால் விழுந்து கிடந்ததாம். கூட்டின் கூரையைப் பார்த்தேன். மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. முந்தி அந்தக் காணியில் மிதிவெடி இருக்கிறது, கால் வைக்காதே என்று நட்டது.

"அக்கா, இது ஆபத்து எண்டு போட்ட படம்" என்று எங்கள் மூன்று இறகைக் காட்டினேன்.

"ஆபத்தா? நான் ஃபேன்னுல்ல நெனச்சேன்."

"அப்ப மேல இருக்கிற மண்டையோடு? அதுவும் ஃபேனோ?"

"படத்த யாரு தம்பி பாத்தா? தகரத்ததான் பாத்தோம். பத்து மழை பெஞ்சும் ஒழுகல."

கதவில் கை வைத்தேன். உள்ளே ஒரு கோழி அடைகிடந்தது, என்னைப் பார்த்துச் சிலிர்த்தது. "இப்பக் கழட்டுனா அது எந்திரிச்சு ஓடிரும், முட்டையெல்லாம் கூழாப் போயிரும். குஞ்சு பொரிக்கட்டும், நீயே வந்து எடுத்துக்க" என்றார் செல்லம்மாக்கா.

சேருக்குப் போன் எடுத்து உள்ளதை உள்ளபடி சொன்னேன். மண்டையோட்டையும் சேர்த்துத்தான் சொன்னேன். அந்தப் பக்கத்திலிருந்து வந்தது: "கோழியைத் தூக்கி எறிஞ்சிட்டுப் பலகையைக் கழட்டிக்கொண்டு வாடா. உனக்கு வேலை வேணுமோ வேண்டாமோ?"

வேலை வேணும்தான், ஆனால் பத்தாயிரம் வருசம் நிற்க வேண்டிய பலகை முதலில் குஞ்சு பொரிக்கும்வரை நின்று காட்டட்டும் என்று, கழற்றச் சொன்ன ஆணியைக் கல்லால் அடித்து இறுக்கிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.