தங்கத்துக்கு ஒரு ஃபெயில்

புதுக் கட்டடங்களுக்குக் கரண்ட் கொடுப்பதற்கு முன்னால் ஒயரிங்கைச் சோதித்துச் சான்று தருகிற கம்பெனி ஒன்றில் என் வீட்டுக்காரருக்குப் பகுதி நேர வேலை கிடைத்தது. வேலை அவருக்குத்தான், ஆனால் போவது இரண்டு பேரும். அவருடைய இடது கையில் இரண்டு விரல் மடங்காது. ஸ்கூட்டரில் பிரேக் பிடிக்க முடியாது, ஒயரைச் சோதிக்கிற மீட்டரின் இரண்டு கம்பிகளையும் சேர்த்துப் பிடிக்க முடியாது. ஆகவே வண்டி ஓட்டுவது நான், கறுப்புக் கம்பியைப் பிடிப்பதும் நான். கம்பெனிக்காரன் இதைக் கேட்டுவிட்டு, "ஒரு சம்பளத்துல ரெண்டு ஆளா? எனக்கென்ன நஷ்டம்?" என்று சிரித்தான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அந்த இரண்டு விரல்களைத் தின்றவன் ஒரு காண்ட்ராக்டர். எல்லாரையும் வாய் நிறைய "தங்கம், தங்கம்" என்று கூப்பிடுவான், அதனால் அவனுக்கே தங்கம் என்று பேர். இவர் அவனிடம் எலக்ட்ரீஷியனாக இருந்தார். ஒருநாள் ஏணியில் ஏறி ஒயரை முறுக்கும்போது ஷாக் அடித்துத் தூக்கி எறிந்தது. எங்கள் மகள் அப்போது கைக்குழந்தை. தங்கம் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் பையோடு வந்து, டாக்டர், நர்ஸ், பக்கத்துக் கட்டில்காரர் என்று ஒருத்தர் விடாமல் சொன்னான்: "ராத்திரி தண்ணி போட்டிருப்பான் போல. டெஸ்டர் வச்சுப் பாக்காமயே கை வச்சுட்டான், பாவம்." தண்ணியாம்! இருமல் மருந்து குடித்தாலே தலை சுற்றுகிறது என்று படுத்துவிடுகிற மனிதர் இவர்.

அதற்குப் பிறகு ஒருத்தனும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாதது வேறு. முதலில் இவர், "நான் பாத்துட்டுதான்டி கை வச்சேன்" என்று சொன்னார். ஆளாளுக்குக் குடைந்து கேட்கக் கேட்க, அது "பாத்த மாதிரிதான் ஞாபகம்" என்று ஆனது. கடைசியில் "பாக்காமயே விட்டுட்டேனோ என்னவோ" என்று வந்து நின்றது. அதிலிருந்து பூட்டிய கதவை மறுபடியும் இழுத்துப் பார்ப்பார், அணைத்த அடுப்பை எழுந்து போய்ப் பார்ப்பார். தன் கையைத் தானே நம்பாத மனிதரோடு குடும்பம் நடத்திப் பார்த்தால்தான் தெரியும், நான் ஏன் தங்கத்தைத் தினமும் வாயாரச் சபித்தேன் என்று.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பெண்கள் விடுதிக்கு அனுப்பினார்கள். புதுக் கட்டடம், பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. வாசலில் வண்டியை நிறுத்துகிறேன், எதிரே தங்கம். கொஞ்சம் தொப்பை போட்டிருந்தான், வாய் மட்டும் அப்படியே இருந்தது.

"அட, நீயா தங்கம்! இப்போ ஆபீசரா? ரொம்ப சந்தோஷம். உள்ள வா, வா!"

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. இவர் ஓரமாகப் போய்க் கம்பெனிக்குப் போன் போட்டார். "இவரு எனக்குப் பழைய பகைங்க, வேற ஆளை அனுப்புங்க" என்றார். வேறு ஆள் ஊரில் இல்லையாம். மீட்டர் சொல்றதை எழுதிட்டு வா, போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் காதோடு சொன்னேன். "என்னங்க, கண்ண மூடிக்கிட்டு ஃபெயில் போடுங்க."

"மீட்டர் சொன்னா போடுறேன்."

"மீட்டருக்கா விரல் போச்சு?"

அவர் கறுப்புக் கம்பியை என்னிடம் நீட்டினார்.

அறை அறையாகப் போனோம். கட்டட வேலைக்கென்று வாங்கிய தற்காலிகக் கரண்ட் இருந்தது. ப்ளக் பாயிண்டில் செருகுகிற சோதனை விளக்கு ஒன்று உண்டு. ஃபேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் சரியாக இருந்தால் சரியென்று காட்டும். அந்தச் சனியன் எல்லா அறையிலும் சரியென்றே காட்டியது. ஒவ்வொரு தடவை அது எரியும்போதும் என் வயிறும் எரிந்தது. தங்கம் பின்னாலேயே வந்து, "நம்ம வேலை எப்பவும் சுத்தம், தங்கம்" என்று என் காதுபட ஓதிக்கொண்டிருந்தான். விடுதிக்காரம்மா கையைக் கட்டிக்கொண்டு கூடவே நடந்தார். மாடியில் குளியலறைகளில் ஹீட்டர் பாயிண்டுகள். அங்கேயும் விளக்கு சரியென்றது. போச்சு, இவனுக்குப் பாஸ் போட்டுக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய் நான் அழ வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

இவர் மட்டும் இறங்கிப் போய் மெயினை அணைத்துவிட்டு வந்தார்.

"அதான் பாத்தாச்சே தங்கம், எதுக்கு வேலை மெனக்கெட்டு மறுபடி?" என்றான் தங்கம்.

"எனக்கு ரெண்டு தடவை பாக்கற பழக்கம்," என்றார் இவர். சிவப்புக் கம்பியை நியூட்ரல் ஓட்டையில் வைத்தார். நான் கறுப்பை எர்த் ஓட்டையில் வைத்தேன். மெயின் அணைந்திருந்தால் இரண்டுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது, மீட்டர் வாயைத் திறக்கக் கூடாது. மீட்டர் 'கீ' என்று கத்தியது. என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. அடுத்த குளியலறை, கத்தியது. அதற்கடுத்ததும் கத்தியது. ஒன்று பாக்கியில்லை.

இவர் பாயிண்டைக் கழற்றிக் காட்டினார். கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் ஒயரே இழுக்கவில்லை. நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு ஒயரை எடுத்து எர்த் முனையில் முடிந்து வைத்திருந்தான். விளக்கு இதைக் கண்டுபிடிக்காது, ஏமாந்துபோகும். ஆனால் என்றைக்காவது நியூட்ரல் அறுந்தால் ஹீட்டரின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறும். ஈரத்தோடு நிற்கிற பெண்ணின் கை அதில் பட்டால் அவ்வளவுதான்.

விடுதிக்காரம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. தங்கம் உடனே படிக்கட்டில் நின்ற தன் ஆட்களைக் காட்டினான். "இவனுங்க பண்ணின வேலைம்மா. எனக்கே இப்பதான் தெரியும். அப்படியே இருந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"ஆகாதா?" என்றார் இவர். "நான் கீழ நியூட்ரலக் கழட்டிட்டு மெயினைப் போடறேன். நீங்க ஹீட்டர் மேல கை வையுங்க."

தங்கம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். ஆட்களில் ஒருத்தன் களுக்கென்று சிரித்துவிட்டான்.

பிறகு குழைய ஆரம்பித்தான். "தங்கம், பழசையெல்லாம் மனசுல வச்சுக்காத. அடுத்த வாரம் பிள்ளைங்க குடி வராங்க. உனக்கு என்ன வேணும், சொல்லு."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்," என்றார் இவர். "அன்னிக்கு நான் ஏணியில இருந்தப்ப மெயினைப் போட்டது யாரு?"

அவன் விடுதிக்காரம்மாவைப் பார்த்தான், ஆட்களைப் பார்த்தான். பழைய கதைதானே, சொல்லிவிட்டால் காரியம் முடியும் என்று கணக்குப் போட்டது முகத்திலேயே தெரிந்தது.

"இப்போ அதுக்கென்ன? நான்தான்."

"காதுல விழல," என்றேன் நான். "சத்தமா சொல்லுங்க."

"நான்தான்மா போட்டேன்! கீழ மோட்டர் ஓடணும்னு அவசரத்துல போட்டுட்டேன். இவன் டெஸ்டர் வச்சுப் பாத்துட்டு, லைன் இல்லன்னு மேலேர்ந்து கத்தினது எனக்கும் கேட்டுச்சு. அப்புறம் இவன் மேல நிக்கறதையே மறந்து தொலைஞ்சுட்டேன். போதுமா? இப்போ பாஸ் போடு தங்கம்."

இவர் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி அவனையே பார்த்தார். பிறகு பேனாவை எடுத்து எழுதினார்.

"குளியலறை எல்லாம் ஃபெயில்."

"டேய்! நான் சொன்னேன் இல்ல!"

"நான் கேட்டேன், நீங்க சொன்னீங்க. பாஸ் போடுறேன்னு நான் எங்க சொன்னேன்?"

சுவருக்குள் ஒயர் போகிற குழாயில் இன்னொரு ஒயர் நுழைய இடமே இல்லை. சுவரை உடைத்துத்தான் எர்த் இழுக்க வேண்டும். பளபளவென்று பதித்திருந்த அத்தனை டைல்ஸும் போக வேண்டியதுதான். "உன் செலவுல உடைச்சு, உன் செலவுல ஒட்டு" என்று விடுதிக்காரம்மா போட்ட சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். நான் மீட்டர் பெட்டியை மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக மூடினேன். தங்கத்தின் முகத்தை ஆசைதீரப் பார்த்துக்கொண்டேன்.

வண்டியில் பாதி தூரம் வந்திருப்போம். பின்னாலிருந்து அவர் தலை என் தோளில் சாய்ந்தது.

"நான் பாத்திருக்கேன்டி."

"ஆமாங்க."

"பாத்துட்டு, கத்திச் சொல்லிட்டு, அப்புறம்தான் கை வச்சிருக்கேன். அவனுக்குக் கேட்டிருக்கு. கேட்டுட்டும் ஆஸ்பத்திரியில வந்து அப்படிச் சொல்லியிருக்கான்."

எனக்குப் பாதை தெரியவில்லை, கண்ணில் தண்ணீர். வண்டியை ஓரங்கட்டினேன். பழி தீர்த்தாகிவிட்டது, இனி ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறுவதாவது! வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான் என்றுதான் இதுவரை சபித்திருக்கிறேன், தெரிந்தே பொய் சொன்னான் என்பதற்குப் புதிதாக அல்லவா சபிக்க வேண்டும்.

"திருப்பட்டுமா?" என்று கேட்டேன். "போய் நாலு அறை விட்டுட்டு வரேன்."

இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேணாம். டைல்ஸ் உடைச்சு வேலை முடிச்சதும் மறுபடி டெஸ்ட் பண்ண நாமதானே போகணும்? முதல் அறையிலேர்ந்து ஆரம்பிப்போம். ஒரு பாயிண்ட் விட மாட்டேன்."